நாய்ச் சாமான் அலமாரி: தோற்றமும் வளர்ச்சியும்

1. ஆய்வுச் சிக்கல்

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதை வரிசைப்படுத்தி, நாயின் இளமைக்குக் குருளை என்ற பெயரை உரித்தாக்கினார். அந்தக் குருளையின் சங்கிலி, சீப்பு, உண்ணி மருந்து, பத்து கிலோ தீவன மூட்டை ஆகியவற்றை வீட்டில் எங்கே வைப்பது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார். உரையாசிரியர்களும் அதைத் தொடவில்லை. நெடுநாள் நிலவும் இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: ஒரு வீடு, ஒரு நாய் (மணி, நாட்டு நாய்), ஒரு பூனை (தானாக வந்து தங்கியது, பெயர் இல்லை). மீன், முயல், லவ் பேர்ட்ஸ் ஆகியவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

2. கருதுகோள்

நாய் வந்தது, சாமான் சேர்ந்தது, சாமானை வைக்க அலமாரி செய்தார்கள் என்பது பொதுவழக்கில் உள்ள கொள்கை. இவ்வாய்வு அதை மறுக்கிறது. மொட்டை மாடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய மரம், ஆண்டுக்கணக்கில் பொறுமை காத்து, தனக்கொரு காரணத்தைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. நாய்க்காக மரம் அன்று, மரத்துக்காகவே நாய்.

முதன்மைச் சான்று அம்மாவின் வாய்மொழி. தாத்தா வீட்டை இடித்தபோது வந்த கதவு நிலையையும் உத்திரச் சட்டங்களையும் விற்றுவிடலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அளித்த விடை: “கிடக்கட்டும், எதுக்காவது ஆகும்.” பொய்யென்று நிரூபிக்க வழியில்லாத கூற்று அறிவியலாகாது என்பார் கார்ல் பாப்பர். அவருக்குப் பதில் சொல்ல அம்மா தயாராக இருக்கிறார்.

3. மரம்: வகைப்பாடு

நாய்ச் சாமான் அலமாரிக்குரிய பழைய மரம் இருவகைப்படும். ஒன்று குலவழி மரம். மற்றொன்று வந்தேறி மரம்.

குலவழி மரம் இடித்த வீட்டிலிருந்து வருவது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு இவ்வகையின் உச்சம். பழைய மரக்கடைக்காரர் இதைக் கன அடிக் கணக்கில் விற்கிறார். அது எந்த வீட்டு நிலை, எந்த ஊர் உத்திரம் என்ற வரலாற்றை இலவசமாகச் சேர்த்துத் தருகிறார்.

வந்தேறி மரம் தொழிற்பேட்டைகளில் இயந்திரங்களைச் சுமந்து வந்திறங்கும் பேலட் கட்டை. பெரும்பாலும் பைன். இதை வாங்குமுன், பெண் பார்க்கப் போகுமுன் ஜாதகம் பார்ப்பதுபோல, ஓரத்தில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் மரத்தோடு பூச்சியும் பயணம் செய்வதைத் தடுக்க 2002இல் ஏற்கப்பட்ட ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதியின்படி வைக்கப்படும் முத்திரை அது. ‘எச்.டி.’ என்றிருந்தால், கட்டையின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றியிருக்கிறார்கள், வீட்டுக்குள் அழைக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டிருக்கிறார்கள். அலமாரியின் எந்த மூலையையும் கடித்துப் பார்க்கும் உறுப்பினர் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

குலவழி மரத்துக்கும் ஒரு தோஷம் உண்டு. அது பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆகவே தாத்தா காலத்துப் பச்சைப் பெயின்ட் மீது நல்லெண்ணம் கொள்ள இடமில்லை. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பறக்கும். தேய்க்காமல் விட்டால் மணி சுரண்டித் தின்னும். எனவே பச்சைப் பலகைகள் ஆய்விலிருந்து விலக்கப்பட்டன. அம்மா அவற்றைத் திரும்ப மாடிக்கே ஏற்றினார். கருதுகோளுக்கு இது முதல் வலு.

4. கட்டுமானம்: இரு பள்ளிகள்

பழைய மரத்தில் ஆணியா, ஸ்க்ரூவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆசாரி அதை இரண்டே வாக்கியத்தில் தீர்த்தார். “இது கிழட்டுத் தேக்கு சார், ஆணி அடிச்சா ஆணிதான் வளையும். முதல்ல துளை போட்டுட்டு ஸ்க்ரூ முடுக்கணும்.”

இழைப்புளி வைக்குமுன், பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தை நூலில் கட்டி, ஒவ்வொரு பலகையின் மேலும் மெதுவாக இழுத்துச் சென்றார். தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் சுண்டி இழுபட்டு நின்றது. அங்கே சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. ஒரே ஒரு ஆணி கண்ணுக்குத் தப்பினாலும் இழைப்புளியின் தகட்டில் பல் விழுந்துவிடும்.

பலகையின் நீளம் குறித்து ஆய்வாளர் ஒரு விதியை முன்வைத்தார்: தாங்கல்களுக்கு இடையிலான தூரத்தை இரட்டித்தால், அதே எடைக்குப் பலகை எட்டு மடங்கு தொய்யும், பலகையின் கனத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். ஆசாரி இதை முழுவதும் கேட்டார். பிறகு தீவன மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “நடுவுல ஒரு கால் குடுத்துடலாம்” என்றார். இரு பள்ளிகளின் முடிவும் ஒன்றே. கூலி மட்டும் ஒரு பள்ளிக்குத்தான்.

5. வைப்பு முறை

கீழ்த்தட்டு தீவனத்துக்கு. மூட்டையைப் பிரித்து ட்ரம்மில் கொட்டக் கூடாது. மூட்டையோடு இறக்கி மூடியை அழுத்த வேண்டும். காற்றுப் பட்டால் தீவனத்தின் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் மூட்டையில்தான் இருக்கின்றன. எறும்பைத் தடுக்க, மரபுப்படி அலமாரிக் கால்களின் கீழ்க் கிண்ணங்களில் தண்ணீர் வைக்கப்பட்டது. கோட்டைக்கு அகழி எடுத்த முன்னோர் யாரும், அகழியை நாய் குடித்துத் தீர்க்கும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

மேல்தட்டு மருந்துக்கு. இங்கே விளையாட்டுக்கு இடமில்லை. நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் தாங்கும் அந்த மருந்தைப் பூனையின் உடலால் முறித்து வெளியேற்ற இயலாது. வலிப்பு வந்து உயிரே போகலாம். எனவே நாய் மருந்தை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்கிறோம். நாய்க்கு எட்டாத உயரமே பூனைக்கு உவப்பான உயரம் என்பது கவனத்துக்குரியது. இம்முரண்பாட்டைத் தீர்த்தது, தாத்தா வீட்டு ஜன்னலின் பித்தளைத் தாழ்ப்பாள். மருந்துப் பெட்டிக்குள் பூனை நுழைய முடியாது. அதன் மேலே படுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

6. கண்டறிந்தவை

அ) நடுத்தட்டு மணியின் சங்கிலிக்கும் துண்டுக்கும் ஒதுக்கப்பட்டது. கள ஆய்வின்போது அங்கே இருந்தவை: ஹெல்மெட், கொசு பேட், ரேஷன் கடைப் பை, அணைந்துபோன எமர்ஜென்சி விளக்கு. சங்கிலி வழக்கம்போல் வாசல் கேட்டில் தொங்கியது.

ஆ) அலமாரியின் வேலைப்பாடு குறித்து மணி எக்கருத்தும் தெரிவிக்கவில்லை. ட்ரம் மூடி திறக்கும் ஓசை ஒன்றே அதற்கு அலமாரி.

இ) நாய்க்கு இவ்வளவு இடம் தேவையே இல்லை. இருந்த மரத்தின் அளவுக்கு அலமாரி செய்யப்பட்டது; அலமாரியின் அளவுக்கு நாய்ச் சாமான் வாங்கப்பட்டது. மணிக்கு மழைக்கோட்டு வந்தது இவ்வாறே. கருதுகோள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது.

7. மேலாய்வுக் களங்கள்

வேலை முடிந்தபின் சில துண்டுகள் மிஞ்சின. எல்லாம் ஒரு முழத்துக்கு மேல், ஒன்றரை முழத்துக்குள். கிளிக்கூடு செய்யலாம் என்றார் அம்மா. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று எடுத்துரைக்கப்பட்டது. அப்படியானால் மீன்தொட்டிக்கு ஸ்டாண்டு என்றார். ஆய்வு எல்லை இவ்வாறு விரிவடைந்தது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி நிரம்பத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மட்டுமே 56 கிலோ வரும். துண்டுகளை ஆசாரி புரட்டிப் பார்த்தார்.

“இதுங்க தாங்காது சார். பழைய மரமா இன்னும் ரெண்டு கன அடி வாங்கிட்டு வந்துடுங்க.”