கொதிக்காத தேநீரும் கொதித்த மாமனாரும்

சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்திறங்கி, அலுவலகத்திலிருந்து மகள் இன்னும் திரும்பியிராத வீட்டில், பிரயாணக் களைப்புத் தீர ஒரு டம்ளர் தேநீர் கேட்ட ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவருக்கும், 'நாளைக் காலையில் தயாராகிவிடும்' என்று சாவகாசமாகப் பதில் சொன்ன அவருடைய மருமகனுக்கும் நடந்த சம்வாதம் இது. மாப்பிள்ளையை நேராகக் கடிந்துகொள்ளும் பாக்கியம் நம் சமூகத்தில் எந்த மாமனாருக்கும் கிடையாது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

மாமனார்: நாளைக் காலையா? தேயிலையை இனிமேல்தான் நீலகிரிக்குப் போய்ப் பறித்துவர வேண்டுமோ, மாப்பிள்ளை?

மருமகன்: நீலகிரித் தேயிலை வீட்டிலேயே இருக்கிறது, மாமா. தூளாக இல்லாமல் இலையாக உள்ளதில் 10 கிராம் எடுத்து, ஒரு லிட்டர் குளிர்ந்த நீரிலிட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 8 மணி நேரம் வைத்துவிட்டால், அடுப்பின் தயவு இல்லாமலே தேநீர் இறங்கிவிடும். 'கோல்ட் ப்ரூ' என்பார்கள்.

மாமனார்: உங்கள் மாமியார் இத்தனை வருஷமாக உளுந்தை இப்படித்தான் ஊறப்போட்டுக்கொண்டிருக்கிறாள்; ஆனால் அதற்காக அவளுக்கு ஒரு தராசும், உஷ்ணமானியும், சல்லடை பொருத்திய கண்ணாடிக் குப்பியும் வாங்கித்தர வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மருமகன்: இதில் சாஸ்திரம் இருக்கிறது, மாமா. துவர்ப்புச் சத்துக்கள் கொதிநீரில் இறங்குகிற வேகத்தில் குளிர்ந்த நீரில் இறங்குவதில்லை, கஃபீனும் குறைவு. அதனால் கசப்பில்லை, துவர்ப்பில்லை, பாலும் தேவையில்லை. ஜப்பானியர் பச்சைத் தேயிலையில் இதையே 'மிஸுதஷி' என்று செய்கிறார்கள்.

மாமனார்: சூடில்லை, கசப்பில்லை, துவர்ப்பில்லை, பாலில்லை, உற்சாகமும் குறைவு! வேதாந்திகள் பிரம்மத்தை 'இதுவல்ல, இதுவல்ல' என்று சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு பானத்தை அப்படி வர்ணிக்க இன்றுதான் கேட்கிறேன்.

மருமகன்: தெளிவு இருக்கிறதே! கொதிக்கவைத்த சாயத்தைக் குளிரவைத்தால், கஃபீனும் தேயிலையின் செந்நிறச் சத்துக்களும் ஒன்றோடொன்று கூடிக் கரையாமல் நின்று, பானம் கலங்கிப்போகும். இது கலங்குவதில்லை. தவிரவும், இது 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில், இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் செய்யப் போன பிளெச்சிண்டன் என்பவர் வெயில் தாங்காமல் பனிக்கட்டி போட்டுப் பிறப்பித்த பரம்பரை.

மாமனார்: 1879இல் அச்சான ஒரு வெர்ஜீனியச் சமையல் புத்தகத்திலேயே பனிக்கட்டித் தேநீருக்குச் செய்முறை இருக்கிறது. (சரித்திர ஆசிரியரிடம் வருஷம் சொல்வது அபாயம்.) அது போகட்டும், மின்சாரத்தைச் செலவழிப்பானேன்? குப்பியை மொட்டைமாடி வெயிலில் வைக்கலாகாதா?

மருமகன்: கூடாது, மாமா. வெதுவெதுப்பான நீர் கிருமிகள் பெருகுவதற்குத் தோதானது. குளிரிலேயே வைத்து, ஓரிரு நாளில் குடித்துவிட வேண்டும். தண்ணீரைக்கூட நான் நன்றாகக் காய்ச்சி ஆறவைத்துத்தான் எடுக்கிறேன்.

மாமனார்: காய்ச்சியா? கொதிக்கக் கொதிக்கவா?

மருமகன்: கொதிக்கக் கொதிக்கத்தான்.

மாமனார்: ஆகவே, அடுப்பின் தயவு வேண்டாமென்று சபதம் செய்துகொண்ட தாங்கள், நீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, கொதித்ததை ஆறவைத்து, ஆறியதைக் குளிரவைத்து, குளிர்ந்தபின் அதில் இலையைப் போட்டு, அந்த இலை மனமிரங்குவதற்காக ஓர் இரவு முழுவதும் காத்திருக்கிறீர்கள்; கொதித்த அந்த க்ஷணத்திலேயே இலையைப் போட்டிருந்தால், நான் இந்நேரம் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்திருப்பேன்!

மருமகன்: ருசி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நேற்று வைத்ததில் என் பங்கு ஒரு டம்ளர் மிச்சமிருக்கிறது.

(பொன்னிறமாக, டம்ளரின் மறுபக்கத்துச் சுவர்க் கடிகாரம் தெரியும்படி இருந்தது அது. கிழவர் ஒரு வாய் குடித்தார், முகம் சுளிக்கவில்லை. மௌனமாக இன்னொரு வாயும் குடித்தார். பிறகு இரண்டு கரண்டிச் சர்க்கரையைப் போட்டு, வீடெல்லாம் கேட்கக் கலக்கினார். சர்க்கரை சுழன்று சுழன்று, பெரும்பகுதி மறுபடியும் அடியிலேயே உட்கார்ந்துகொண்டது.)

மாமனார்: வாசனைக்குக் குறைவில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். வெயிலில் வந்தவனுக்கு இது உகந்ததுதான். ஆனால் இந்தச் சர்க்கரை ஏன் சத்தியாக்கிரகம் செய்கிறது?

மருமகன்: குளிர்ந்த நீரில் அது எளிதில் கரையாது, மாமா. முன்னதாகவே சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமனார்: பாகு எதில் காய்ச்சுவது?

மருமகன்: அடுப்பில்தான்.

மாமனார்: மூட்டுங்கள், மாப்பிள்ளை! பாகு பதத்துக்கு வருவதற்குள் பக்கத்து அடுப்பில் எனக்கு ஒரு டம்ளர் தேநீர் கொதித்துவிடும். இஞ்சி இருந்தால் ஒரு துண்டு தட்டிப் போடுங்கள்.