அன்று தோட்டா, இன்று பைனாகுலர்

பொங்கல் கழிந்த கையோடு கரிசல் காட்டில் பறவை தேடி நடப்பது எங்கள் கூட்டத்தின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தின் முற்பாதியைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சுருக்கிச் சொல்வோம்.

அறுபதுகளின் கடைசி அது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் போகிற வழியில் நண்பன் ஒருவனின் ஊர். இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி அவனுடைய பெரியப்பாவுடையது. லைசென்ஸும் அவர் பெயரில் இருந்ததால் அவரும் கூடவே வருவார். துப்பாக்கி கைமாறும்போதெல்லாம் அவர் முகம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் முகமாகிவிடும்.

ஆளுக்கு இருபது முப்பது அடி இடம் விட்டு, அறுத்த சோளத்தட்டைக்குள் ஒரே வரிசையாக நடக்க வேண்டும். யாரும் முந்தக் கூடாது. பேசவே கூடாது. கவுதாரி லேசில் பறக்காது. இறக்கையைவிடக் காலை நம்புகிற பறவை அது. தலையைத் தாழ்த்திக்கொண்டு சால் வழியே ஓடும். ஓடைக்கரை வந்து, இனி ஓட வழியில்லை என்றான பிறகுதான் காலடியிலிருந்து விர்ரென்று கிளம்பும். அந்தச் சத்தத்திலேயே எங்களில் பாதிப் பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவோம். மீதிப் பேர் சுடுவதற்குள் அது உடைமரங்களைத் தாண்டியிருக்கும்.

“ஏலே, வெடி பறவைக்கா, வானத்துக்கா?” என்பார் பெரியப்பா. தோட்டாவின் விலை அவருக்குத்தானே தெரியும்.

துணைக்கு ஒரு சிப்பிப்பாறை நாய் வரும். முயல் விரட்டவே பிறந்த இனம். பறவையை மோப்பம் பிடித்துக் கலைத்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். அது தன் குலத்தொழிலை விடாமல், முதல் முயலைக் கண்டதும் அடுத்த ஊர் எல்லைவரை போய்விட்டு, நாங்கள் சாப்பிட உட்காரும்போது சரியாகத் திரும்பி வரும்.

இப்படி நடந்து நடந்து, பொழுது சாய்கையில் இரண்டு மூன்று கவுதாரியும் ஓரிரு காடையும் பையில் சேர்ந்திருந்தால் பெரிய வேட்டை. காடை விழுந்தால் பெரியப்பா அதன் இறக்கையை விரித்துக் காட்டுவார். நீண்ட இறகுகளில் பட்டை இருந்தால் பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்த காடை. பட்டையில்லாமல் வெறும் பழுப்பாக இருந்தால் மழைக்காடை. ஆண் என்றால் நெஞ்சில் கறுப்பு அப்பியிருக்கும். இந்தப் பாடமெல்லாம் முடிந்து, நல்லெண்ணெயில் வறுத்துப் பங்கு வைத்தால் ஆளுக்கு இரண்டு வாய் வரும். அதிலும் ஒரு வாயில் ரவை கடிபடும்.

1972-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கினால் சிலவற்றைச் சுடலாம் என்று அது விட்டுவைத்த இடைவெளியையும் 1991-இல் வந்த திருத்தம் அடைத்தது. பெரியப்பாவுக்குப் பிறகு துப்பாக்கி நண்பனின் பெயருக்கு மாறியது. இப்போது அது வெளியே கிளம்புவது தேர்தலுக்குத்தான். தேதி அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு திருப்பித் தருவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தேர்தலைக்கூடத் தவறவிடாத ஒரே உறுப்பினர் அந்தத் துப்பாக்கிதான்.

நாங்களும் மாறிவிட்டோம். ஒருவன் டாக்டராகவும் ஒருவன் வாத்தியாராகவும் ஒருவன் வங்கி மேலாளராகவும் இருந்து ஓய்வு பெற்று, எல்லோருமாகப் பறவை நேசர்களாகியிருக்கிறோம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, கண்டதையும் கேட்டதையும் இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். அதே காடு, அதே தை மாதம். கையில் மட்டும் பைனாகுலரும், பெரியப்பாவின் துப்பாக்கியையும் புஞ்சையையும் சேர்த்து வாங்கியிருக்கக்கூடிய விலையில் ஒரு லென்ஸும். அன்று ஒரு தோட்டா வீணானால் நாளெல்லாம் திட்டு. இன்று ஒரே கவுதாரியை நொடிக்கு இருபது வீதம் படமெடுத்து, வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அழிக்கிறோம்.

அந்தக் காலத்தில் எங்களில் குறி தப்பாதவன் டாக்டர்தான். இன்று ஆடு மேய்க்கிற பையன் நாயோடு குறுக்கே வந்தால், “பறவை பயப்படும்ல தம்பி, நாயைப் பிடிச்சுக்கோ” என்று அதட்டுவதும் அவன்தான்.

மனசாட்சி உறுத்தினால் வாத்தியார் முன்னோர்களைத் துணைக்கு அழைப்பான். காங்கிரஸ் உருவாக முன்னின்ற ஹியூம், இந்திய வேட்டைப் பறவைகளைப் பற்றி மார்ஷலோடு சேர்ந்து பெரிய நூலே எழுதினார். பல்லாயிரம் பறவைத் தோல்களை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சாலிம் அலி சிறு வயதில் ஏர்கன்னால் சுட்ட ஒரு குருவிதான் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குக் கொண்டுபோனது. 1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. சுட்டவர்கள்தான் பிறகு நூல் செய்தார்கள் என்பது வாத்தியாரின் வாதம். எங்கள் கணக்கில் முதல் பாதி முடிந்துவிட்டது. நூல்தான் இன்னும் வரவில்லை.

போன முறை ஒரு சம்சாரி லென்ஸைப் பார்த்துவிட்டு ஆசையோடு ஓடி வந்தார். “அண்ணாச்சி, துப்பாக்கியா? நாலு மயிலைச் சுட்டுட்டுப் போங்க. வெதைச்சது பூராம் போச்சு.” 1963 முதல் மயில் தேசியப் பறவை என்று டாக்டர் விளக்கினான். “அப்ப தீனியையும் தேசமே போடட்டும்” என்று அவர் திரும்பி நடந்தார்.

மத்தியானம் நெடுஞ்சாலை ஓட்டலில் காடை வறுவல். இது ஜப்பானியக் காடை. 1974-இல் இஸ்ஸத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பண்ணைகளுக்குப் பரவியது. ஐந்தாறு வாரத்தில் தட்டுக்கு வந்துவிடும். பறவை நேசர்கள் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். நடக்கவும் வேண்டாம், பல்லில் ரவையும் கடிபடாது.

சாயங்காலம் பட்டியலை ஏற்றினோம். சரிபார்க்கும் இளைஞர் ஒருவரிடமிருந்து மரியாதையாகக் கேள்வி வந்தது: மழைக்காடை என்று எப்படி உறுதி செய்தீர்கள்? படம் உண்டா? படத்தில் வானம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. வெகுநேரம் கூடிப் பேசி, வாத்தியார் பதில் தட்டினான்: “பறக்கும்போது ஆணின் கறுப்பு நெஞ்சு தெரிந்தது. இந்த இனத்தை இளம் வயது முதலே மிக அருகில் பார்த்துப் பழக்கம்.”

பதிவு ஏற்கப்பட்டது. உங்களைப் போன்ற பெரியவர்களின் அனுபவம் எங்களுக்குத் தேவை என்று நன்றியும் வந்தது. அனுபவத்தைத் தந்த காடைகளின் சார்பில் டாக்டர் பதில் நன்றி அனுப்பினான்.