லாஜிக் இடிக்குது சார்!

அடியும் முடியும் காணாமல் திருமாலும் பிரம்மாவும் திரும்பிப்போன ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி இரவில் அங்கே கூட்டம் கூட்டமாக அரோகரா சொல்லி 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றும்போது, நாலைந்து பேர் மட்டும் வேறொன்றையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போவார்கள். நடுவில் கையை வீசி வீசிப் பேசியபடி நடக்கிறாரே, அவர்தான் லாஜிக் சார்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணக்கு வாத்தியாராக இருக்கலாம்; ஜெராக்ஸ் கடை வைத்திருக்கலாம். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பி வளர்ந்தவர். எந்தத் தொடரையும் ஒருமுறை கதைக்காகப் பார்ப்பார், மறுமுறை ஓட்டைக்காகப் பார்ப்பார்.

இந்திர லிங்கத்தில் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய கையோடு 'சக்திமான்' ஆரம்பமாகும். 1997-ல் வந்த தொடர். முகேஷ் கன்னா மூக்குக்கண்ணாடியும் எடுப்புப் பல்லும் மாட்டினால் பத்திரிகை ஆபீஸ் கங்காதர், கழற்றினால் சக்திமான்.

"கூடவே சுத்தற கீதா விஸ்வாஸ் ஒரு ரிப்போர்ட்டரு. ஒரு கண்ணாடிக்குப் போயி ஏமாந்துடுவாங்களாப்பா?"

"சார், கன்னத்துல மருவை ஒட்டிக்கினு எம்.ஜி.ஆர். வந்தா வில்லனுக்கே அடையாளம் தெரியாது. அப்ப விசில் அடிச்சது யாரு?"

லாஜிக் சார் இதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை. தலைவர் படம் வேறு இலாகா.

எம லிங்கத்தை நெருங்கும்போது குரல் கனக்கும். அங்கே சுஜாதா. 1980-களில் ஆனந்த விகடனில் வந்து, பிறகு தூர்தர்ஷன் தொடராகவும் ஆன 'என் இனிய இயந்திரா'. 2020-களின் இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும்; முதியவர்களின் ஆயுளுக்கும் அரசாங்கமே கெடு வைக்கும். எமனுடைய வேலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டதில் லாஜிக் சாருக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய வழக்கு பெயர்கள் மீது. நிலா, சிபி, ரவி, மனோ என்று அந்த நாட்டில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்.

"தமிழ்ல 247 எழுத்து. 247-ஐ 247-ஆல பெருக்கு, 61,009. ஜீவாவும் மெஷின் நாய் ஜீனோவும் இருக்கறதால கிரந்தத்தையும் சேர்த்துக்குவோம். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ. ஒண்ணுக்கு 13 வீதம் 65. ஆக 312 எழுத்து. 312 இன்ட்டு 312, 97,344 பேரு. ஒரு லட்சம்கூட வரல! 140 கோடிப் பேருக்குப் பங்கு வெச்சா ஒரு பேருக்குப் பதினாலாயிரம் ஆளு. போலீஸ் வந்து 'ரவி யாரு'ன்னு கேட்டா ஊரே கையத் தூக்கும்."

"ஆதார் மாதிரி ஒரு நம்பர் குடுத்துட்டாப் போச்சு, மாமா." இது கூட வந்த தங்கை மகன்.

"நம்பர் இருந்தா அப்புறம் பேரு எதுக்குடா?"

இந்த இடத்தில் சுக்குக் காபி குடித்தே ஆகவேண்டும்.

நிருதி லிங்கத்தைத் தாண்டினால் 'ஸ்டார் ட்ரெக்'. 1966 முதல் 1969 வரை 79 பகுதிகள் வந்த அமெரிக்கத் தொடர். அதில் கான் என்ற வில்லன் தோன்றிய பகுதி 1967 பிப்ரவரியில் வந்தது. செகாவ் என்ற பாத்திரம் தொடரில் சேர்ந்ததோ அடுத்த சீசனில்தான். ஆனால் 1982-ல் வந்த படத்தில் கான், செகாவைப் பார்த்ததும் 'உன் முகத்தை நான் மறக்கவில்லை' என்கிற பாவனையில் பேசுகிறார். பார்க்காத முகத்தை மறப்பது எப்படி, மறக்காமலிருப்பது எப்படி? செகாவாக நடித்த வால்டர் கோனிக் ரசிகர் கூட்டங்களில் ஒரு விளக்கம் சொல்வார்: விண்கப்பலில் அன்று கழிப்பறையை அடைத்துக்கொண்டு செகாவ் வெகுநேரம் வெளியே வரவில்லையாம், வாசலில் தவித்து நின்ற கானுக்கு அந்த முகம் மனதில் பதிந்துவிட்டதாம். தாழம்பூவே பொய்ச்சாட்சி சொன்ன தலத்தில் இந்தச் சாட்சிக்கு மறுப்பு ஏது? எதிர்க்கட்சி கைதட்டும். லாஜிக் சார் மட்டும், "இது சப்பைக்கட்டு" என்று தள்ளிவிடுவார்.

குபேர லிங்கத்தில் பேச்சு காசுக்குத் திரும்பும். பொருத்தமான இடம்தான். ஆளை இங்கே கரைத்து அங்கே எழுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் அந்தத் தொடரில் வந்ததற்குக் காரணமே சிக்கனம். வாரா வாரம் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டப் பணம் இல்லை. 1966-ல் ஒரு பகுதியில் அந்த இயந்திரம் பழுதாகி, சுலு என்ற பாத்திரமும் மற்றவர்களும் கிரகத்தின் இரவுக் குளிரில் விறைத்துப்போகிறார்கள். சின்ன விண்கலம் அனுப்பிக் கூட்டிவர வேண்டியதுதானே? அதன் செட்டையே அப்போது கட்டியிருக்கவில்லை!

இவ்வளவையும் கேட்டுக்கொண்டே பின்னால் வந்த ஒரு பெரியவர், "கட்டுக்கதைக்குப் போயி இன்னாத்துக்குப்பா இத்தினி சண்டை?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தொலைந்தது. ஓட்டைக் கட்சியும் சப்பைக்கட்டுக் கட்சியும் அந்த நொடியே கூட்டணி.

"அய்யா, புஸ்தகம் படிச்சுப் படிச்சு சொந்தமா யோசிக்கற மெஷின் நாயை அந்தக் காலத்துலயே எழுதினாரு சுஜாதா. அதப் போயி..." என்று லாஜிக் சார் அரைக் கிலோமீட்டர் விளக்குவார். அந்தப் பெரியவர் வாயு வேகத்தில் முன்னால் போய்விடுவார்.

ஈசானிய லிங்கத்தருகே கால் வலி எல்லாருக்கும் வந்திருக்கும். அப்போதுதான் தங்கை மகன் மெதுவாக, "மாமா, புள்ளி வெச்ச எழுத்துல பேரு ஆரம்பிக்காதே. ஆய்தத்துலயும் ஆரம்பிக்காது. அதையெல்லாம் ஏன் கணக்குல சேர்த்தீங்க?" என்பான்.

லாஜிக் சார் நின்றுவிடுவார். மெய் 18, கிரந்தப் புள்ளி 5, ஆய்தம் 1. 312-ல் 24 போனால் முதலெழுத்துக்கு 288. செல்போனைத் தட்டி, "89,856!" என்பார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "பாத்தியா, ஓட்டை இன்னும் பெருசாயிடுச்சு! இரு, ழகரத்துல ஆரம்பிக்கற பேரு ஏதாவது இருக்காடா?"