யாழினி எனும் பெயரின் ஒலித்திரிபுகள்: ஒரு முதற்கட்ட ஆய்வு

இக்கட்டுரையின் எல்லை யாழினி என்ற ஒரே பெயர். யாழிசை, யாழ்மொழி முதலிய உடன்பிறப்புகள் இடமின்மையால் விலக்கப்பட்டன; அவர்களைப் பெற்றோர் பொறுத்தருள்க.

கருதுகோள்: ஒரு பெயர் ஊரார் வாயில் எவ்வளவு நுழையாதோ, அவ்வளவு ஆசையாக அதைப் பிள்ளைக்கு வைப்பார்கள்.

இலக்கணத்தில் பெயர்மேல் குற்றமில்லை. யகர வரிசையில் 'யா' மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும் என்பது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் யோகேஷும் யுவராஜும் வாசலிலேயே நிற்க, யாழினி நேரே உள்ளே போய்விடுகிறாள். வில்லங்கம் இரண்டாம் எழுத்தில். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ழகரம் பிறக்கும் என்று அந்நூலின் பிறப்பியல் வழி சொல்கிறது. அவ்வளவு தூரம் போக நாக்குக்குச் சம்மதமா என்று அது விசாரிக்கவில்லை.

களஆய்வு ஒரு பெயர்சூட்டு விழாவில் நடந்தது. குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லவேண்டும். மதுரைப் பாட்டி 'யாளினி' என்றார், மூன்று முறையும். பழத்தைப் 'பயம்' என்றே சொல்லி வளர்ந்த வடசென்னைத் தாய்மாமன் 'யாயினி' என்றார். சித்தப்பா 'யாலினி'யோடு நிறுத்திக்கொண்டு பந்திக்குப் போனார். பெயரைத் தேர்ந்தெடுத்த தகப்பனார் திருத்த வாயெடுத்து, சபை மரியாதை கருதி மூடிக்கொண்டார். அவர் சொல்லியிருந்தால் நான்காவது பெயர் ஒன்று கிடைத்திருக்கும் என்பது ஆய்வாளர் துணிபு.

இவற்றுள் ஆராயத்தக்கது 'யாளினி'. யாளி, சிங்க முகமும் யானைத் துதிக்கையுமாகக் கோயில் தூணில் பாய்ந்து நிற்பது. அதற்குப் பெண்பால் யாளினி என்று கொண்டால், நரம்பிசைக்கென்று பிறந்த பிள்ளை மதுரைப் புதுமண்டபத் தூணுக்குப் போய்ச் சேர்கிறது. (சோறூட்டும் நேரத்தில் இப்பெயரே பொருந்துவதாகத் தாயார் தரப்பில் வாக்குமூலம் உண்டு.)

ஆங்கிலத்தில் எழுதும்போது நோய் முற்றுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ழகரத்துக்கு 'எல்' போட்டு அடியில் ஒரு கோடு இழுத்தது. பிறப்புச் சான்றிதழில் அந்தக் கோட்டைப் போட்டுத்தரும் குமாஸ்தா இன்னும் பிறக்கவில்லை. ஆகவே தமிழ்நாடு 'இசட்-எச்' என்று எழுதுகிறது. அதை வடநாட்டார் பார்த்தபடியே படித்து 'யாஜினி' ஆக்குகிறார்கள். ஈழத்தவர் வம்பே வேண்டாமென்று வெறும் 'எல்' போடுகிறார்கள். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் ஈழத்து நாயகி அப்படித்தான் 'யாலினி' எழுத்துகளோடு உலகம் சுற்றினாள். நியூமராலஜிக்காரர் இன்னும் ஒரு 'ஏ' சேர்க்கச் சொல்வது தனி ஆய்வுக்குரியது, கட்டணமும் தனி.

விதிவிலக்கு ஒன்றே. கன்னடமும் தெலுங்கும் பழைய ழகரத்தை எப்போதோ தொலைத்துவிட்டன. கோழிக்கோடும் ஆலப்புழையும் சொல்லிப் பழகிய மலையாள நர்ஸம்மா மட்டும் தடுப்பூசி வரிசையில் 'யாழினி' என்று பிசகாமல் கூப்பிட, யாருடைய குழந்தையையோ கூப்பிடுகிறார்கள் என்று அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பெயருக்கு மூலமான யாழின் கதையும் தொலைந்த ழகரத்தின் கதைதான். பேரியாழுக்கு 21 நரம்பு என்பார்கள். வழக்கொழிந்த அந்தக் கருவியை நூல்களிலிருந்து மீட்டெடுக்க விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அந்த நூலைப் புரட்டியவர்களைவிட யாழினிகள் இன்று அதிகம் என்பதில் ஆய்வாளருக்கு ஐயமில்லை.

எனவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பெயரை முடிவு செய்துவிட்டீர்களா? பத்திரிகை அடிக்கும் முன், பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்து, தெருக்கோடியில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் ஒருமுறை உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். எது காதில் விழுகிறதோ, அதையே பதிவு செய்துவிடுங்கள்.