மூக்குக்கு 21 நாள், நாக்குக்கு?

வாப்பா ராசா, இப்படி உக்காரு. நீ சனி ஞாயிறு ஆனா திண்ணையில சாஞ்சுக்கிட்டு, ஒடம்பைத் தேத்துற புத்தகம் ஒண்ணு, மனசைத் தேத்துற புத்தகம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வாசிக்கிறதை ஊரே பாத்துக்கிட்டிருக்கு. போன வாரம் டீக்கடையில ஒருத்தன் கேக்குறான், "ஒங்க பேரன் மெட்ராசுல பெரிய பரீட்சை எதுவும் எழுதப்போறாரா?"ன்னு. "ஆமாப்பா, எப்படிச் சாப்பிடணும்னு ஒரு பரீட்சை இருக்காம். மூணு வருசமா படிக்கான், இன்னும் ஹால் டிக்கெட் வரல"ன்னு சொல்லி ஒன் மானத்தைக் காப்பாத்தி வச்சிருக்கேன்.

நீ பஸ் ஏறினப்புறம் அந்தப் புத்தகமெல்லாம் எங்கிட்டதான வருது. கண்ணு ஆபரேசன் பண்ணினதுல இருந்து எழுத்து பளிச்சுனு தெரியுது. எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே ஜாதகந்தான். முப்பதாம் பக்கம் வரைக்கும் மஞ்சப் பேனாவுல கோடு, கோட்டை ஒட்டி சாத்தூர்ச் சேவு எண்ணெய். சர்க்கரையைத் திட்டுற பக்கத்துல கடலைமிட்டாய்ப் பாகு ஒட்டி ரெண்டு தாளைப் பிரிக்கவே முடியல. மிட்டாயும் ஏனோதானோ மிட்டாயில்ல. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி மிட்டாய். தரம் பாத்துத் திங்கத் தெரியுது, சந்தோசம். முப்பத்தொண்ணாம் பக்கத்துல பஸ் டிக்கெட். அதுக்குப் பிறகு ஒரு தாள்லயும் விரல் பட்ட தடம் இல்ல. மிச்சத்தை நாந்தான் படிச்சு முடிக்கேன். வாங்கின காசு வீணாகக்கூடாதுல்ல.

21 நாள் ஒரு வேலையைச் செஞ்சா அது பழக்கமாயிரும்னு கோடு போட்டு, ஓரத்துல ஆச்சரியக்குறி வேற போட்டிருக்கே. அந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேட்டியா? நியூயார்க்ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். மூக்கை மாத்தி வச்ச ஆளுக்குக் கண்ணாடியில தெரியுற புது மூஞ்சி பழகக் குறைஞ்சது 21 நாளாவது ஆகுதுன்னு கவனிச்சு, 1960-ல ஒரு புத்தகத்துல எழுதினாரு. பின்னால வந்தவங்க 'குறைஞ்சது'ங்கிறதைக் கழட்டிப் போட்டுட்டு நாளை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. அது மூக்குக் கணக்குடா. ஒனக்குக் கோளாறு நாக்குல.

நாக்குக் கணக்கு வேணும்னா அதுவும் இருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலிங்கிற அம்மாவும் அவுக கூட்டாளிகளும் சாப்பாட்டோட ஒரு பழம் திங்கிறது, தண்ணி குடிக்கிறதுன்னு சின்னச் சின்ன வேலையை ஆளுக்கொண்ணா எடுத்துச் செய்யச் சொல்லிப் பாத்தாக. 2009-ல முடிவு வந்துச்சு. ஒருத்தருக்கு 18 நாள்ல படிஞ்சுருச்சு, இன்னொருத்தருக்கு 254 நாள் ஆகும்னு கணக்கு வந்துச்சு, சராசரியா 66 நாள். இதுல ஒனக்கு ஆறுதலான சேதி ஒண்ணு உண்டு: நடுவுல ஒருநாள் தவறினா குடி முழுகிப்போகாது. ஒனக்கு அது வேற மாதிரியில்ல காதுல விழும்? நடுவுல ஒருநாள் செஞ்சாப் போதும்னு.

பத்தாயிரம் அடி நடக்கணும்னு ராத்திரி மாடியில குறுக்கும் நெடுக்குமா நடக்கிறயே, கீழ படுத்தவுக தூக்கம் போகுது. 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி நடையை எண்ணுற கருவி வித்துச்சு. அந்தக் கருவிக்கு வச்ச பேருதான் அந்தப் பத்தாயிரம். நடக்கிறது நல்லதுதான், நட. பகல்ல, கடைக்குப் போயி காய் வாங்கிட்டு வர்ற மாதிரி நட.

அடுத்து ஒன் சிறுதானியப் பக்தி. இந்தியா கேட்டுக்கிட்டு ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சாலும் அறிவிச்சுது, அன்னைக்கிருந்து நீ என்னைப் பாக்கிற பார்வையே மாறிப்போச்சு. "தாத்தா, நீங்க அந்தக் காலத்துலயே என்ன விவரமா கம்பும் சோளமும் சாப்பிட்டிருக்கீங்க!" அடேய், விவரம் எங்கடா இருந்துச்சு, வேற எதுவும் இல்லாம இருந்துச்சு. எங்க கரிசக்காட்டுல நெல்லுச்சோறுங்கிறது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும்தான். அடுத்த வீட்டுக்கு விருந்தாளி வந்தா எங்க வீட்டுப் பிள்ளைக அங்க போயி நிக்கும்.

அந்தக் கம்மஞ்சோறும் தானா வந்து தட்டுல விழல. விடியுமுன்னே கம்புல தண்ணி தெளிச்சுப் பதமாக்கி, உரல்ல போட்டுக் குத்தி, சொளகுல பொடைச்சு, உமியைப் போக்கி, திரும்ப இடிச்சு, உலையில கொட்டி அடிப்பிடிக்காமக் கிண்டணும். ஒம்பாட்டி உள்ளங்கையைத் தொட்டுப் பாத்திருக்கியா? நான் குத்தினதில்ல, தின்னதோட சரி. இப்ப அதையெல்லாம் பத்தியம், மருத்துவம்னு நீ கதை கட்டினா அவளுக்குச் சிரிப்பு வராதா? அப்படி விவரமாத் தின்னு எல்லாரும் நூறு வயசு இருந்தாகன்னு நினைச்சுக்கிடாத. சுதந்திரம் வந்தப்போ நம்ம நாட்டுல சராசரி ஆயுசு முப்பத்திரண்டை ஒட்டித்தான். பிறந்த பிள்ளையில பலது நிக்காது. காலரா, அம்மை, பஞ்சம். அதுக்குக் கம்பு என்ன பண்ணும்?

தானியத்தைக் குறை சொல்லல. நூறு கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச்சத்து இருக்கு. தீட்டின அரிசி கிட்டத்துல நிக்க முடியாது. ஆனா நீ வாங்கிட்டு வந்தது கேழ்வரகு இல்லையே, கேழ்வரகு பிஸ்கட்டு. பாக்கெட்டு முன்னால முழங்கை நீளத்துக்குக் கதிர் படம். பின்னால எறும்பு ஊர்ந்த கணக்கா இங்கிலீசு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன்: முதல்ல மைதா, ரெண்டாவது சர்க்கரை, மூணாவது எண்ணெய், நாலாவது ஆளா வந்து நிக்கிறாரு கேழ்வரகு. எது எடையில கூடவோ அதைத்தான் முதல்ல எழுதணும்கிறது இந்த நாட்டுச் சட்டம். இருநூறு பக்கப் புத்தகத்துல கோடு போடுற பய, இந்த நாலு வரியைப் படிச்சிருந்தா பாக்கெட்டைக் கடையிலயே வச்சுட்டு வந்திருப்பே.

வாசிக்காதேன்னு சொல்ல நான் யாரு? வாசிச்சதும் ஏதோ செஞ்சு முடிச்ச மாதிரி ஒரு திருப்தி வருதே, அதுதான் சனியன். ஓட்டத்தைப் பத்தி ஒரு அத்தியாயம் முடிச்சதும், ஓடிட்டு வந்தவன் கணக்கா நீ பஜ்ஜிக்குக் கைநீட்டுற. வள்ளுவர் திருக்குறள்ல 95-ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து'ன்னு பேர் வச்சாரு. பத்துக் குறள்லயும் தேடினா ஒரு மூலிகை பேர் கிடையாது. முன்னால தின்னது செரிச்சுதான்னு பாரு, பசிச்சபிறகு அளவாச் சாப்பிடுன்னுதான் திருப்பித் திருப்பிச் சொல்றாரு. எம்புத்திக்கு அது புத்தகத்துக்கும் சேத்துத்தான். போன மாசப் புத்தகமே நெஞ்சைக் கரிச்சுக்கிட்டு நிக்கயில இந்த வாரம் என்னத்துக்கு இன்னொண்ணு? அதுல ஒரே ஒரு வரியை எடுத்து 66 நாள் மென்னு பாரு. அதுவரைக்கும் புத்தகக்கடைப் பக்கம் போகாத.

இன்னைக்கே தொடங்கணும்னா வழி இருக்கு. உள்ள ஒம்பாட்டி ராத்திரிச் சோத்துக்குக் குதிரைவாலி அரிச்சுக்கிட்டிருக்கா. கல்லு நிறையக் கெடக்குன்னு காலையிலயே முனங்கினா. அந்தப் புத்தகத்தைக் கவுத்து வச்சுட்டு, போயித் தண்ணி மோந்து குடு. எப்படி அரிக்கிறதுன்னு கேட்டு நீயும் ரெண்டு வாட்டி அரிச்சுப் பாரு. மெட்ராசுல நீதான் அரிக்கணும், அவ வரமாட்டா.