ரத்தம் சோபாவில், ரிசல்ட் டாக்டரிடம்

கேள்வி: வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். லிவர் டெஸ்ட் ரிசல்ட் மறுநாளே போனில் வந்துவிடுகிறது. அப்புறம் டாக்டர் எதற்கு?

பதில்: ரத்தத்தைச் சோபாவில் உட்கார்ந்தே கொடுங்கள். நல்ல லேப் என்றால் எண் சரியாகவே வரும். ஆனால், ஏன் ஏறியது என்று அந்த எண் சொல்லாதே! ரிப்போர்ட்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற என்சைம் தசையிலும் இருக்கிறது. முந்தின நாள் ஜிம்மில் வெயிட் தூக்கியவருக்கு எகிறும். கல்லீரல் பாவம், அதன்மேல் பழி விழும். பிலிருபின் மட்டும் லேசாகக் கூடுதலா? பிறவியிலேயே 'கில்பர்ட்' கூறு உள்ளவர்களுக்கு ஒரு வேளை பட்டினியே போதும், ஏறிவிடும். ஆபத்தும் இல்லை.

எனக்குப் பெரிய பயம், 'எல்லாம் நார்மல்' என்று வரும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும், சிரோசிஸ்கூட வந்திருக்கும், எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் நார்மலாகவே காட்டலாம். ஹெபடைடிஸ் பி கிருமியை இந்த டெஸ்ட் தேடுவதே இல்லை; அதற்குத் தனி டெஸ்ட். டாக்டரோ வயிற்றை அழுத்திப் பார்ப்பார். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். "என்ன மாத்திரை, என்ன லேகியம், வாரத்துக்கு எத்தனை பெக்?" என்று குடைவார். லேகியத்தை மறைக்காதீர்கள், சில நாட்டு மருந்துகளும் கல்லீரலைக் கெடுக்கும். வயது, பிளேட்லெட் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஸ்கேன் தேவையா என்பதையும் அவரே சொல்வார்.

கண் மஞ்சளானாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்தம் எடுக்க வரும் தம்பிக்காகக் காத்திருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.