காப்பி அடிக்கதுன்னா ஒழுங்கா அடிலே

ஏலே பேராண்டி, ஒன் பிராஜெக்ட் ரிப்போர்ட்ட ஒங்கம்மா காமிச்சா. அட்டை பிரமாதம். ராத்திரி சாப்ட்டு ஒக்காந்தவன் விடியுமுன்ன மொத்தத்தையும் முடிச்சுட்டியாமே! எங்க காலத்துல சீனியர் ரெக்கார்டப் பாத்து எழுதவே கை வீங்கிப்போவும். இந்தச் சாட்ஜிபிடி 2022 நவம்பர்லதான் வந்துச்சு. அதுக்கு முன்ன பாஸான பயலுவளை நெனச்சா பாவமா இருக்கு. அம்புட்டையும் தலைக்குள்ளயே சொமந்துக்கிட்டு அலைஞ்சிருக்கானுவ.

சாரு கண்டுபிடிச்சிருவாரோன்னு பயப்படாத. மெஷின் எழுதுனதா, மனுசன் எழுதுனதான்னு சொல்லுததுக்கு அந்தக் கம்பெனிக்காரனே 2023 ஜனவரியில ஒண்ணு விட்டான். சரியாச் சொல்லலைன்னு ஜூலையில அவனே இழுத்து மூடிட்டான். அதே வருசம் ஸ்டான்போர்டுல இப்படிக் கண்டுபிடிக்குத மெஷின்கள சோதிச்சுப் பாத்திருக்காவ. இங்கிலீசு தாய்மொழியா இல்லாதவுங்க சொந்தமா எழுதுன கட்டுரையில பாதிக்கு மேல, மனுசன் எழுதலைன்னு அடிச்சுச் சொல்லிட்டாம். கஷ்டப்பட்டு எழுதுனாலும் களவாணிப் பட்டம்தான். பொறவு எதுக்குக் கஷ்டப்படணும்? ஒன் புத்தி சரிதாம்லே.

ஆனா கடைசிப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்க பாரு ரெஃபரன்ஸு, அதுலதான் எனக்குக் கொஞ்சம் கலக்கம். அமெரிக்காவுல ஒரு வக்கீலு இந்தச் சாட்ஜிபிடிகிட்ட பழைய தீர்ப்பு கேட்டிருக்காரு. அது நடக்காத வழக்கு ஆறை நடந்த மாதிரி எடுத்துக் குடுத்திருச்சு. ‘இது நெசமா?’ன்னு அதுகிட்டயே கேட்டாரு. ‘ஆமா’ன்னுச்சு. கல்யாணத் தரகன்கிட்டயே மாப்பிள்ளை எப்படின்னு விசாரிச்ச கதை. 2023 ஜூன்ல நியூயார்க் ஜட்ஜு போட்டாரு அயிஞ்சாயிரம் டாலர் அபராதம். அடுத்த வார்த்தை எது வந்தாப் பொருத்தம்னு பாத்துப் பாத்துக் கோக்குதது அதோட சோலி. நெசமா பொய்யான்னு அதுக்கென்ன கவலை?

அதனால களவு பண்ணுதது பண்ணுத, முழுசாப் பண்ணு. ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் லைப்ரரியில தேடி, இருக்கான்னு பாரு. இருந்தா, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிரு, எவனாவது கேட்டு வச்சான்னா? புரியாத வரியை அடிச்சிட்டு ஒன் இங்கிலீசுலயே எழுது. தப்பு இருந்தா இருக்கட்டும், அப்பத்தான் ஒன்னுதுன்னு நம்புவாவ. கணக்கை ஒருதடவை நீயே போட்டுப் பாரு. இம்புட்டும் செஞ்சியன்னா எந்தக் கொம்பனும் ஒன்னைப் பிடிக்க முடியாது, கேட்டியா?

வைவாவுக்கு வார எக்ஸ்டர்னல் கொஞ்சம் பொல்லாதவராம். போனை வெளிய வச்சிட்டுத்தான் உள்ளயே விடுவாராம்லே.